வெற்றுத் தட்டில் ஐந்தாவது

நேற்று மாலை அவர் தன் கையால் வைத்தது நான்கு. இன்று காலை ஐந்து இருந்தன.

நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பருத்தித் துணியால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். ஐந்துதான். கட்டம் போட்ட வட்டமான வெள்ளைத் தாளில், நான்கு துணுக்குகள் அவர் இடுக்கியால் வைத்த நான்கு மூலைகளிலேயே மேசைக்கால்கள் போல நின்றன. ஐந்தாவது நடுவில் கிடந்தது. அதே பச்சை. பச்சைக்குள்ளே, விளக்கைத் திருப்பினால் மட்டும் கண் சிமிட்டுகிற அதே வெள்ளித் தூள்.

எழுபது வயதில் கண் பிசகியிருக்கும் என்று வேறொருவர் தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பார். அவரால் முடியவில்லை. குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எண்ணிப் பழகிய கண் அது. மேலதிகாரி ஒருவர் வீடு தேடி வந்து கேட்டும் ஓர் எண்ணை மாற்ற மறுத்தவர். அதற்காகப் பதவி உயர்வு இல்லாமலே ஓய்வு பெற்றவர். ஊரார் வைத்த பட்டப்பெயர் தசமப்புள்ளி. கேலியாக வைத்த பெயரை அவர் பதக்கம்போலச் சுமந்தார்.

அந்தக் கை நேற்று என்ன செய்தது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அறை, வீட்டை ஒட்டிய பழைய தொழிற்சாலையின் அலுவலக அறை. அவருடைய அப்பா வாளி செய்த தொழிற்சாலை. இயந்திரங்கள் ஓய்ந்து முப்பது ஆண்டுகள் ஆகியும், மழை பிடித்த நாள்களில் சுவரிலிருந்து உருகிய பிளாஸ்டிக்கின் இனிப்பான வாடை எழும். இந்த வாரம் முழுக்க மழை. எண்ணும் வேலைக்கு மகள் இந்த அறையைத்தான் கேட்டாள். திரைச்சீலை இல்லை, விரிப்பு இல்லை, நூல் உதிரும் பொருள் எதுவும் இல்லை. ஐந்து ஆண்டுகளாக அவளும் அவளோடு சேர்ந்த சில பெண்களும் பிளாஸ்டிக்கை எதிர்த்துக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சூடான உணவைப் பையில் ஊற்றாதீர்கள் என்பார்கள். ஆற்றோரம் கொட்டிய மேடுகளை அகற்றுங்கள் என்பார்கள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த நாள் அதே பையோடு வந்தார்கள். கடைசியில் நகர மன்றம் ஒரு வழி சொன்னது: எந்த மேட்டின் கழிவு மனித உடம்பில் இருக்கிறது என்று எண்ணிக் காட்டுகிறீர்களோ, அந்த மேட்டைத் தோண்டி எடுக்கிறோம்.

ஆற்றோரம் மேடுகள் இரண்டு. வடக்கு மேட்டில் ஊரே கொட்டியது. தெற்கு மேட்டில் இருந்தது ஒரே தொழிற்சாலையின் கழிவு. உடைந்த வாளி, அச்சில் ஒட்டியது, அரைத்துப் போட்டது. எல்லாம் ஒரே பச்சை.

அந்தப் பச்சை அப்பாவின் கைப்பாகம். சாயத்தோடு ஒரு சிட்டிகை வெள்ளித் தூளைச் சேர்ப்பார். அளவை யாருக்கும் சொன்னதில்லை. வேறு எவராலும் அதைச் செய்ய முடியவில்லை. சந்தையில் வாளியைத் தொலைவிலிருந்து பார்த்தே அந்த வீட்டு வாளி என்பார்கள். அப்பாவின் பெயர் ஊர் நூலகத்தின் முகப்பில் கல்லில் வெட்டியிருக்கிறது. அவருடைய படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவர் செய்த வாளி ஒன்று, நாற்பது வயதானது, இன்னும் விரிசல் விடாமல் குளியலறையில் நிற்கிறது.

முப்பத்தொரு தாய்மார்களின் பால் வந்திருந்தது. ஒவ்வொரு பாலையும் காரக் கரைசலில் இரண்டு நாள் வைத்தால் கொழுப்பெல்லாம் கரைந்துபோகும், கரையாதது பிளாஸ்டிக். வடிதாளில் தங்குவதை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். சிவப்பு, நீலம், நிறமில்லாதது என்று ஊர் முழுக்க அந்தப் பாலில் இருந்தது. அவற்றோடு ஒன்றும் இரண்டும் மூன்றுமாக அந்த வீட்டுப் பச்சையும் இருந்தது. பதினான்காம் பாட்டிலில் நான்கு. அதுதான் அதிகம். எல்லாத் தட்டுகளையும் கூட்டினால் ஐம்பத்தெட்டு.

எண்ணுகிறவர் பக்கத்தில் எப்போதும் ஒரு வெற்றுத் தட்டு திறந்திருக்க வேண்டும் என்பது வேலையின் விதி. அதில் ஈரமான வடிதாள் தவிர ஒன்றும் இருக்காது. காற்றிலிருந்தோ எண்ணுகிறவரின் சட்டையிலிருந்தோ அதில் எது விழுந்தாலும் அது தாயினுடையது அல்ல, அறையினுடையது. எந்த நிறத்தில் எத்தனை விழுந்ததோ, அத்தனையை ஒவ்வொரு தாயின் கணக்கிலிருந்தும் கழித்துவிட வேண்டும். நேர்மையானவர்கள் தங்களைத் தாங்களே சந்தேகித்துக்கொள்வதற்காக வைத்த தட்டு அது.

நேற்று மாலை மகள் குழந்தைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குள் போனபோது, அவர் குளியலறைக்குப் போனார். வாளியின் விளிம்பைச் சவரக் கத்தியால் மெல்லச் சுரண்டினார். மயிரிழையைவிடச் சிறிய நான்கு துணுக்குகளை இடுக்கியில் எடுத்துவந்து வெற்றுத் தட்டில் வைத்தார். கை நடுங்கவே இல்லை. அது நடுங்காததுதான் பிறகு அவருக்கு வியப்பாக இருந்தது.

நான்கைக் கழித்தால் எந்தத் தட்டிலும் பச்சை மிஞ்சாது.

இன்று ஐந்து. சுரண்டும்போது விரலில் ஒட்டியது விழுந்திருக்கும் என்று நினைத்தார். பேரேட்டில் 'பச்சை, நான்கு' என்று எழுதி மூடியை வைத்தார்.

"சார், தசமப்புள்ளி சார்!" வாசலில் நர்ஸம்மாவின் குரல் கேட்டது. பால் சேகரித்தவள் அவள்தான். "செருப்ப வெளிய விட்டாச்சு. போட்டிருக்கறதும் பருத்தி. உள்ள வரலாமா, இல்ல சோதனை போட்டுத்தான் விடுவீங்களா?"

"வாங்கம்மா."

"முடிஞ்சிடுச்சா? அந்த முப்பத்தொரு பேரும் என்னைப் பார்க்கிற இடத்துல எல்லாம் பிடிச்சுக்கறாங்க. எனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவுன்னு. பரீட்சை மார்க் மாதிரி."

"யார் எந்த நம்பர்னு எனக்குத் தெரியாதே."

"தெரியக் கூடாதுன்னுதானே பேரெல்லாம் என் பீரோவுல பூட்டி வச்சிருக்கேன். உங்களுக்கு நம்பர் மட்டும்தான். நீங்க போட்ட சட்டம்தானே சார்." அவள் சிரித்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "அப்பாடா. அஞ்சு வருஷமா நடக்கறோம். திங்கக்கிழமை மன்றத்துல ஒரு கையெழுத்து விழுந்தா, நான் ஒரு வாரம் படுத்துத் தூங்குவேன்."

மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படியிலேயே நின்றாள். குழந்தைக்கு ஐந்து மாதம். குழந்தையை அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். மகளின் கண்ணுக்குக் கீழே கருமை இறங்கியிருந்தது. மாப்பிள்ளை வெளியூர் வேலையில் இருந்தார். பகலில் ஊரும் இரவில் குழந்தையும் அவளைப் பங்கு போட்டுக்கொண்டன.

"அப்பா, பேரேட்டுல நம்ம பச்சையைப் பார்த்தேன். கடைசிக் கணக்குலயும் வந்துச்சா?"

"வந்துச்சு." அவர் பேரேட்டைப் பார்த்தபடி சொன்னார். "வெத்துத் தட்டுலயும் வந்துச்சும்மா. நாலு. இது நம்ம தொழிற்சாலை ரூம்தானே. சுவர், தரை, எங்க தட்டினாலும் அந்தத் தூசிதான்."

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"அப்போ கழிச்சிடணும்."

"கழிச்சிடணும்."

"வந்தது வந்ததுன்னே எழுதச் சொல்லணும்னு இருந்தேன்பா. தாத்தா பேராச்சே, உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு ரெண்டு நாளா யோசிச்சுட்டு இருந்தேன்." அவள் கண்ணை மூடித் திறந்தாள். "சரி. உங்க எண்ணிக்கை தப்பாது."

பேனாவை மூடும் சத்தம் அவருக்குப் பெரிதாகக் கேட்டது.

சனிக்கிழமை பகல் முழுக்க அவர் அறிக்கையைச் சுத்தப் பிரதி எடுத்தார். வெளியே மழை விடுவதும் பிடிப்பதுமாக இருந்தது. தகரக் கூரையில் விழும் மழைக்கு ஒரு தாளம் உண்டு. அது சிறுவயதிலிருந்தே அவருக்குப் பழக்கம். அந்தத் தாளத்துக்குள் வேறொன்று இருப்பதை அவர் காது எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. தாளின் மேல் நகத்தால் சுண்டுவது போன்ற, மிக மெல்லிய, மிகச் சிறிய சத்தம். டிக். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மழை. காகிதத்தில் பேனா ஊரும் ஓசை. பிறகு மறுபடி, முதுகுக்குப் பின்னால், வெற்றுத் தட்டு இருந்த பக்கத்திலிருந்து. டிக்.

தகரத்திலிருந்து சொட்டுகிறது என்று நினைத்தார். அண்ணாந்து பார்த்தார். கூரை காய்ந்திருந்தது.

மூடியைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் எண்ணாமல் இருக்கத் தெரியாத மனிதர் அவர். திறந்து, நுண்ணோக்கியின் கீழே தள்ளி, எண்ணினார்.

பதினொன்று.

ஐந்தாவதைச் சுற்றி ஆறு. மூன்றும் மூன்றுமாக.

திறக்கும்போது தட்டின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அதன் மேல் சுற்றிய அலுமினியத் தாளில் அவருடைய விரல் மடிப்பு கலையவில்லை. சன்னல் சாத்தியிருந்தது. அறைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்தார். ஒன்று, மூன்று, மூன்று. இந்த மூன்று எண்களையும் இதே வரிசையில் எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. முழங்கால் வலித்தது. களைப்பு என்று நினைத்தார். இந்த வயதில் இவ்வளவு எண்ணக் கூடாது.

அன்று மாலை முகம் துடைத்த துண்டில் ஒரு மினுக்கம் தெரிந்தது. சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பச்சை. உதறினார். சாப்பிடும்போது நாக்கில் மணல் போல ஒன்று நெருடியது. யாருக்கும் தெரியாமல் விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் தேய்த்தார். அதை அவர் குனிந்து பார்க்கவில்லை.

"என்னப்பா, கல்லா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல."

"கல்லுன்னா சொல்லுங்க, நான்தான் களைஞ்சேன். தூக்கத்துலயே களைஞ்சேன்." அவள் ஒரு கையால் குழந்தையைத் தட்டிக்கொண்டே மறு கையால் சாப்பிட்டாள். "நேத்து ஒரு அம்மா கேட்டாங்க. பால்ல இது இருந்தா பிள்ளைக்கு என்ன ஆகும்னு. என்ன சொல்றது? முழுசா இன்னும் யாருக்கும் தெரியாதும்மான்னேன். தெரியாததைத்தான் தினமும் ஊட்டறோமான்னு கேட்டாங்க."

கூடத்துச் சுவரில் அப்பாவின் படம், கண்ணாடிக்குப் பின்னால், எப்போதும் போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பேரேட்டைத் திறந்துவைத்துக்கொண்டுதான் தட்டைத் திறந்தார். முதல் பாட்டில், பச்சை ஒன்று. இரண்டாம் பாட்டில் மூன்று. மூன்றாம் பாட்டில் மூன்று. அவர் சிவப்பு மையால் அடித்த வரிசை. விரலை ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். வாய் தன்னையறியாமல் கூட்டிக்கொண்டே வந்தது. பதின்மூன்றாம் பாட்டில் வரை இருபத்தைந்து. அவர் வைத்த நான்கு. ஆக இருபத்தொன்பது.

தட்டில் இருந்தவை இருபத்தொன்பது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண் நுண்ணோக்கியில் இருக்கும்போதே, வெளிச்ச வட்டத்தின் நடுவில் ஒன்று வந்து விழுந்தது. மேலே இருந்து விழவில்லை. பக்கத்திலிருந்தும் வரவில்லை. தாளில் வியர்வை துளிர்ப்பது போல உள்ளிருந்து துளிர்த்து நின்றது. டிக். இன்னொன்று. டிக். இன்னொன்று.

நான்காவதற்குப் பிறகு நின்றது.

முப்பத்து மூன்று. பதினான்காம் பாட்டில்.

கழித்தவை போகவில்லை. வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அவர் விஞ்ஞானத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள வேறெதுவும் கையில் இல்லை. இது பிளாஸ்டிக்தானா என்று பார்க்க ஒரு பழைய முறை உண்டு. ஊசியைச் சுட்டுத் தொட்டால் பிளாஸ்டிக் சுருளும். பாசியோ இலையோ சுருளாது. சாராய விளக்கை ஏற்றினார். நீல நாக்கில் ஊசியைப் பிடித்தார். நுனி சிவந்ததும், கடைசியாக வந்த நான்கில் ஒன்றை, விளிம்பில், மெல்லத் தொட்டார்.

துணுக்கு சுருண்டது. உருகிய பிளாஸ்டிக்கின் இனிப்பு வாடை மூக்கில் ஏறியது. அதே நொடியில், முற்றத்துக்கு அப்பால், வீட்டுக்குள், குழந்தை வீறிட்டது.

பசிக்கு அழுவது அல்ல அது. நீளமாக இழுக்காத, வெட்டினாற்போன்ற ஒரே அலறல். பிறகு மூச்சு கிடைக்காமல் திணறி, மெல்ல மெல்லத் தேம்பல்.

ஊசி ஆறியது. அவர் அசையவில்லை. ஒருமுறை நடந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது. மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். இளையவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான். ஊசியை மறுபடி நெருப்பில் பிடித்தார். நுனி சிவந்தது. தட்டின் மேல் கொண்டுவந்தார். துணுக்குக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. வீட்டில் தேம்பல் சட்டென்று நின்றது. குழந்தை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போல ஓர் அமைதி.

அவர் விளக்கை ஊதி அணைத்தார்.

வீட்டுக்குப் போனபோது மகள் குழந்தையின் காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறும்பு கடிச்சிருக்கும்போலப்பா. இங்க பாருங்க, குதிகால்ல. சின்னதா கருப்பா."

அவர் பார்த்தார். கடுகின் நுனியளவு. ஓரம் சுருண்டிருந்தது.

"எண்ணெய் வைம்மா," என்றார். தன் குரல் தனக்கே வேறாருடையதோ போலக் கேட்டது.

அன்று மாலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துகொண்டார்: 'வெத்துத் தட்டுல விழுந்தது தூசி இல்லம்மா, நான் வச்சது.' ஏழே சொற்கள். கூடத்துக்கு வந்தார். மகள் குழந்தையை மடியில் போட்டு, மன்றத்தில் பேச வேண்டிய தாள்கள் கையில் நழுவ, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவளுக்குத் தலைக்கு மேலே அப்பாவின் படம். எந்தக் காலத்திலும் யாரும் இந்த வீட்டு வாசலில் நின்று ஒரு சொல் கேட்டதில்லை. நாளைக்குக் கேட்பார்கள். அப்பன் விஷம் விதைத்தான், மகன் எண்ணை மாற்றினான் என்று நூலகத்து வாசலில் நின்று பேசுவார்கள். பேரேட்டில் அவர் பெயர் இருக்கிறது. அதன் கீழே மகள் பெயரும்.

அவள் கண் விழித்தாள். "என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. உள்ள போய்ப் படு."

"நாளைக்கு முடிஞ்சிடும்பா," என்றாள் அவள், பாதித் தூக்கத்தில், அவருக்கு ஆறுதல் சொல்வது போல.

திங்கட்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. ஒரு வாரம் கழித்து வந்த வெயில், கழுவிவிட்ட முற்றத்தில் கண்ணைக் கூசவைத்தது. மகளும் நர்ஸம்மாவும் ஒன்பது மணிக்கே கிளம்பினார்கள். மகள் கறந்துவைத்த பால் கண்ணாடிப் பாட்டிலில் இருந்தது. "மன்றத்துல உங்க கையெழுத்தைப் பார்த்தாலே வாயடைச்சுப் போவாங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள் நர்ஸம்மா.

குழந்தையும் அவரும் மட்டும்.

பன்னிரண்டு மணிக்குப் பால் கொடுத்தார். குழந்தை கண்ணை அகல விரித்து அவரையே பார்த்துக்கொண்டு குடித்தது. குடிக்கும் ஓசையை அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். இன்று அது வேறு மாதிரி இருந்தது. காலி வாளியில் குழாய்த் தண்ணீர் முதலில் விழும்போது அடியில் மோதி எழும் ஓசை. அது நிரம்ப நிரம்ப மாற வேண்டும். மாறவே இல்லை. பாட்டில் காலியானது. ஓசை காலியாகவே இருந்தது.

குழந்தையைத் தூளியில் இட்டுவிட்டு அறைக்குப் போனார். போகாமல் இருக்க முடியவில்லை. தட்டைத் திறந்தார். நுண்ணோக்கி தேவைப்படவில்லை. வெறும் கண்ணுக்கே பச்சை தெரிந்தது. ஆனாலும் எண்ணினார். இரண்டு முறை.

அறுபத்திரண்டு.

ஐம்பத்தெட்டும் நான்கும். கடைசித் தாய் வரை வந்து சேர்ந்தாயிற்று.

தொலைபேசி அடித்தது. இரண்டு மணி.

"அப்பா." மகளின் குரல், பின்னால் பல குரல்கள். "ஜெயிச்சுட்டோம்பா. பாதி."

"அறிக்கையைக் குடுத்துட்டியாம்மா?"

"ஏத்துக்கிட்டாங்க. வடக்கு மேட்டை அடுத்த மாசமே அள்றாங்களாம். தெக்கு மேடு அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க. பச்சைதான் யார்கிட்டயும் இல்லையேன்னு." அவள் சிரித்தாள், சிரிக்கக்கூடத் தெம்பில்லாத சிரிப்பு. "அப்பா, இன்னொண்ணு. முன்னாடி சொன்னா உங்க கை தடுமாறும்னுதான் சொல்லல. நானும் பால் குடுத்தேன்பா. பதினாலாம் நம்பர் நான்தான். அதுல பச்சை நாலுன்னு பார்த்ததும் எனக்கு உயிரே இல்ல. பிள்ளைக்குக் குடுக்கறதா வேணாமான்னு ரெண்டு நாள் தவிச்சேன். நீங்க தட்டுலயும் நாலுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் மூச்சு வந்துச்சு. அறைத் தூசிதானே. நம்பிக்கையா ஊட்டினேன்."

அவர் வாயைத் திறந்தார்.

"அந்தக் கணக்கைத் திருப்பி வாங்க முடியுமாம்மா?"

"எதைப்பா?"

"கழிச்சதை."

"கழிச்சது கழிச்சதுதானேப்பா. இனிமே அது யார் கணக்கு?" யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன். பாப்பா தூங்கறாளா?"

தொலைபேசி ஓய்ந்தது.

வீடு அமைதியாக இருந்தது. வெயில். முற்றத்தில் சொட்டும் நீர்கூட நின்றுவிட்டிருந்தது. அவர் அறையைப் பூட்டவில்லை. தட்டை மூடவில்லை. திரும்பி ஒருமுறை பார்த்தார்.

தாள் வெள்ளையாக இருந்தது.

ஒன்றுகூட இல்லை.

ஓடினார். எழுபது வயது முழங்கால். முற்றம். வாசல்படி. கூடம். படத்தின் கண்ணாடியில் பச்சையாக ஏதோ மினுங்கியது, நின்று பார்க்கவில்லை.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. யாரும் ஆட்டவில்லை.

குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. அவரைப் பார்த்தது. கையை நீட்டியது.

தூக்கினார்.

எடை இல்லை.

காலையில் இருந்த எடை இல்லை. தோள் வலிக்கச் சுமந்த எடை இல்லை. கை உயரப் போய்விட்டது.

சிறுவனாக இருந்தபோது, ஒவ்வொரு நாளும் அச்சிலிருந்து வரும் முதல் வாளியை அப்பா எப்படிச் சோதிப்பார் என்று அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். சன்னலருகே கொண்டுபோவார். இரண்டு கையாலும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஒரு சுற்றுச் சுற்றுவார். வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஊடுருவ வேண்டும். பிறகு நடுவிரலை மடக்கி அடியில் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பார். 'குறையில்லை' என்பார்.

கால்கள் சன்னலருகே போயின. அவர் போகச் சொல்லவில்லை.

கைகள் உயர்ந்தன.

வெயில் குழந்தையின் முதுகில் விழுந்தது. விழுந்து நிற்கவில்லை. ஊடுருவியது. கன்னம், கழுத்து, மார்பு, வயிறு எல்லாம் ஒரே சீர். எலும்பின் நிழல் இல்லை. இதயத்தின் நிழல் இல்லை. பச்சை. அந்த வீட்டுப் பச்சை. அதற்குள்ளே வெள்ளித் தூள், கலங்கிய தண்ணீரில் மண் படிவது போல, மெதுவாக, மெதுவாக, சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. குதிகாலில் மட்டும் ஒரே ஒரு கறுத்த புள்ளி. ஓரம் சுருண்டது.

தரையில், அவர் காலடியில், பச்சை வெளிச்சம் வட்டமாக விழுந்து ஆடியது.

குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. சத்தம் வரவில்லை.

வாசலில் கேட் திறந்தது. "அப்பா," என்றாள் மகள், களைத்த குரலில், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "பாப்பா முழிச்சிட்டாளா? கொடுங்க, பால் கட்டிப்போச்சு."

வேண்டாம் என்று மனம் கத்தியது.

விரல் கேட்கவில்லை. நடுவிரல். அப்பாவின் விரல். மடங்கியது. முதுகின் நடுவே ஒருமுறை தட்டியது.

டொக்.

காலி வாளி. கூடம் முழுக்க நிறைந்து, சுவரில் மோதித் திரும்பி, நெடுநேரம் அடங்காமல் நின்ற ஓசை. அது அடங்கும்போது, படத்தின் பக்கத்திலிருந்தோ தன் வாயிலிருந்தோ என்று அவருக்குத் தெரியவில்லை, தெளிவாக ஒரு சொல் கேட்டது.

"குறையில்லை."